‘கிரிக்’ என்றால் சின்ன விலாங்கு

மாமனார் அந்தச் சொல்லை முதல்முறை சொன்னபோது நான் பின்கட்டில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தேன். உள்ளே டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. தொடர்ந்து அத்தையின் குரல், “என்னுங்க? என்னாச்சுங்க?”

அதற்குப் பதில் தெளிவாக வந்தது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கிற தெளிவு.

“கிரிக்.”

நுரையோடு ஓடினேன். மாமா பிரம்பு நாற்காலியில் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தார். வாயின் ஓர் ஓரம் கீழே இறங்கியிருந்தது. மடியில் ஆங்கிலப் பத்திரிகை. பென்சில் தரையில். காப்பி பத்திரிகையில் பாதி, தரையில் பாதி. என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் புரியும் என்பதுபோல், இன்னொரு முறை சொன்னார். “கிரிக்.”

ஆட்டோ பிடிக்க நான் தெருவுக்கு ஓடினேன். அந்தப் பதற்றத்தில் அத்தை, கைக்கு அகப்பட்ட அந்தப் பத்திரிகையாலேயே காப்பியைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டார். இந்த விவரத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதற்காக நான் மைசூரில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன்.

எந்த வருஷம்?

போன இரண்டு வாரங்களாக மீட்டர் கேஜ் ரயில் பற்றி எழுதி வந்தேன் அல்லவா? அதில் ஒரு மாதத்தைப் பிசகாகச் சொல்லிவிட்டேன் என்று நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. திருத்திக்கொண்டேன்.

ஆனால் இந்த வாரச் சம்பவத்துக்கு என்னிடம் தேதியே கிடையாது. மழை எத்தனை மணிக்குப் பிடித்தது என்பதைக்கூட எழுதி வைக்கிற எனக்கு, அந்த மாதத்து டைரி வெறுமையாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டைரி எழுத யாருக்குத் தோன்றும்? அகல ரயில் வந்துவிட்டிருந்தது. தசரா முடிந்து, தெருவில் கட்டிய சீரியல் பல்புகளை ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் வைத்துத் தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம் என்று மட்டும் சொல்ல முடிகிறது. என் மனைவி கோமதி ஒரு வருஷம் சொல்கிறாள், அவள் அண்ணன் வேறொன்று சொல்கிறார். இருவரும் சத்தியம் செய்யத் தயார்.

மாமனார் பெயர் நாச்சிமுத்து. கொள்ளேகாலில் ஒரு பட்டு நூல் மண்டியில் காலமெல்லாம் கணக்குப் பார்த்தவர். வேலை ஓய்ந்ததும், மகன் தங்கவேலுவின் வீட்டில் இருக்காமல், அத்தையையும் அழைத்துக்கொண்டு மைசூரில் எங்களிடம் வந்துவிட்டார். காரணம் பத்திரிகை. கொள்ளேகாலுக்கு ஆங்கிலப் பத்திரிகை மத்தியான பஸ்ஸில்தான் வரும். மைசூரில் காப்பிக்கு முன்னால் வந்துவிடும். அதன் குறுக்கெழுத்துப் புதிர்தான் அவருக்கு வேண்டியது. செய்திகளை அப்புறம்தான் படிப்பார், அதுவும் மனது இருந்தால்.

அத்தை வர விரும்பினாரா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் சத்தியமங்கலம் பக்கத்துப் பெண். கொள்ளேகாலில் அவர்கள் தெருவுக்குள் தமிழே போதுமானதாக இருந்தது. மைசூருக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவர் பழகிய கன்னடம் ஒரே சொல், ‘பேடா’. வேண்டாம் என்று அர்த்தம். கீரைக்காரி, பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் அது ஒன்றுதான். சில நாள் வேண்டியதற்கும் அதையே சொல்லிவிட்டு, கீரைக்காரி போனபின் வாசலில் நின்று விழிப்பார்.

ஒரு சொல் மட்டும்

டாக்டர் பொறுமையான மனிதர். கன்னடமும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். மூளையில் பேச்சுக்கான இடத்தில் ரத்தம் தடைப்பட்டிருக்கிறது. வலது கை, கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். பேச்சு வருவது சந்தேகம். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சி நிற்கும். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வாயில் வரும். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடாதீர்கள். தலையாட்டுவதையும் நம்பாதீர்கள், ஆமாம் என்பதும் இல்லை என்பதும் மாறிப் போகும். இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்குவது கஷ்டம்.

இதில் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

நம்பியதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை. மனிதர் எதையோ கேட்கிறார். கேட்டது கிடைக்காமல் போய்விட்டால்? மனதில் ஆசையை வைத்துக்கொண்டு ஒருவர் கண்மூடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சோற்றுக்கு உப்புப் போல. அதை யாரும் தர்க்கம் செய்ய மாட்டார்கள்.

கோமதி முதலில் கிரிக்கெட் என்று நினைத்து டி.வி.யைத் திருப்பிப் போட்டாள். வாழ்நாளில் ஒரு பந்தைக்கூடப் பார்த்திராத மனிதர், அன்றும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, “கிரிக்” என்றார்.

எனக்கு மட்டும் அது எங்கோ கேட்ட சொல்லாகப் பட்டது. முன்பு ஒரு நாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “மாப்பிள்ளை, நாலெழுத்து, ஒரு மீன்” என்று அவர் கேட்டதும், பிறகு அவரே இதைச் சொல்லிச் சிரித்ததும் ஞாபகத்தில் இருக்கிறது. ஞாபகம்தானா, பிற்பாடு நானே கட்டிக்கொண்டதா என்று இப்போது சத்தியமாகத் தெரியவில்லை.

அகராதியும் ஓட்டையும்

ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனேன். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய ஆங்கில அகராதி அங்கே உண்டு. சொல் இருந்தது. ஜி, ஆர், ஐ, ஜி. பார்த்ததும் எழுந்த சந்தோஷம், படிக்கப் படிக்கக் கரைந்துவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் புழங்கிய அபூர்வமான சொல். சிறிய விலாங்கு மீன் என்று ஒரு பொருள். குள்ளமான ஆள் என்று இன்னொன்று. குட்டைக்கால் கோழி. வெட்டுக்கிளி அல்லது சில்வண்டு. குதூகலமான மனிதன். குளிர்நாட்டு மேட்டு நிலத்தில் வளரும் ஒரு புதர்ச்செடி. வினைச்சொல்லாக எடுத்துக்கொண்டால் ஒருவரைச் சீண்டி எரிச்சலூட்டுவது.

குதூகலத்துக்கு உவமையாக இச்சொல்லை ஏன் சொன்னார்கள் என்று அகராதிக்காரர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. விலாங்கு துள்ளுவதாலா, வெட்டுக்கிளி தாவுவதாலா, அல்லது கிரேக்கர்களைக் குறிக்கும் சொல்தான் திரிந்து இப்படி ஆயிற்றா? சொல்லின் பிறப்பே தெளிவாகவில்லை என்று எழுதியிருந்தது. அத்தனை பெரிய புத்தகமும் எங்கள் வீட்டைப் போலவே குழம்பிக் கிடந்தது.

சரி, அன்றைய புதிரைப் பார்த்துவிட்டால் முடிந்தது என்று வாசிப்பறையில் பழைய பத்திரிகைக் கட்டைக் கேட்டேன். தேதியைத் தேடி எடுத்தேன். பக்கம் இருந்தது. புதிர் இருந்த இடத்தில் ஜன்னல்போல் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியே அடுத்த பக்கத்துச் சிமெண்ட் விளம்பரம் தெரிந்தது. யாரோ ஒருவர் தினமும் பிளேடால் வெட்டிக்கொண்டு போகிறார், ஆளைப் பிடிக்கவே முடியவில்லை என்று அங்கிருந்தவர் கன்னடத்தில் அலுத்துக்கொண்டார். பிறகு பழைய பேப்பர் கடைகள். அன்றைய தாளில் எதை எதையோ மடித்து விற்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அகராதியில் கண்டதைச் சொன்னேன். அத்தை தரையில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டார்.

“குட்டக்காலுக் கோழின்னா அத எங்க போயித் தேடறது மாப்பிள்ளை? கோழின்னாலே குட்டக்காலுதானுங்களே.”

அன்று மாலை சில்வண்டைத் தேடினேன். குளியலறைப் பக்கம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது உண்மை. ஒருவேளை அந்தச் சத்தத்தைச் சொல்கிறாரோ என்று அண்டாவை நகர்த்தி, விறகுப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அகப்படவில்லை. மாமா என் பாட்டைக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது அவர் சொன்ன “கிரிக்”கில் சிரிப்பு இருந்ததாகக் கோமதி இன்றும் சொல்கிறாள்.

ஆரலா, விலாங்கா?

மீதி இருந்தது மீன். அதில்தான் எல்லோருக்கும் நம்பிக்கை விழுந்தது, ஏனென்றால் அது சமைக்கக்கூடியது.

கண்ணம்பாடி அணைப் பக்கம் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர்களில் பலர் மேட்டூர்ப் பக்கத்துத் தமிழர்கள். ஸ்கூட்டரில் போனேன். ஈரச் சாக்கில் மீனைப் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் சின்ன விலாங்கு வேண்டும் என்றேன். சின்ன விலாங்கா, ஆரலா என்று அவர் கேட்டார். இரண்டும் பாம்பு மாதிரி நீளம்தான், ஆனால் வேறு வேறு மீன். இங்கிலாந்துக்காரன் எதைச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் யோசித்து நின்றதைப் பார்த்து, சாப்பிடப் போகிறது யார் என்று விசாரித்தார். சொன்னேன். சீக்காளிக்கு விலாங்கு வேண்டாம், கொழுப்பு, ஆரலே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு கிலோவைக் கட்டிக் கொடுத்துவிட்டார். சுற்றித் தந்தது கன்னடப் பத்திரிகை. ஆங்கிலமாக இருந்திருந்தால் அங்கேயே பிரித்துப் புதிர் இருக்கிறதா என்று பார்த்திருப்பேன்.

அத்தை சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வழுக்கல் போகவே இல்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே வேலை செய்தார்.

“இவரு பொறந்ததுலருந்து இந்தப் பாம்பு மீனத் தொட்டதில்லீங்க மாப்பிள்ளை. தட்டுல பாத்தாலே எந்திரிச்சுப் போயிருவாரு. இப்பக் கேக்கறாருன்னா, அப்பறம் நாம என்ன பண்றது?”

குழம்பை வடிகட்டி, ஆற வைத்து, சாதத்தோடு கூழாகப் பிசைந்து கோமதி ஸ்பூனால் ஊட்டினாள். மாமா வாயில் வாங்கினார். ஒரு கணம் வைத்திருந்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். இடது கை எழுந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டது. சுவரெல்லாம் புளிக்குழம்பு.

“கிரிக். கிரிக். கிரிக்.”

அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. கெட்ட வார்த்தை என்று தெரிந்தது. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது சிரிப்பினால்.

“நல்லா வேணும் நமக்கு” என்றார்.

ஆரலை நானும் கோமதியும் இரண்டு வேளை சாப்பிட்டோம். ருசியான மீன்.

அதற்குப் பிறகு நாங்கள் பொருள் தேடுவதை விட்டுவிட்டு, அவர் சொன்னால் நாங்களும் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தோம். கோமதி காலையில் ஜன்னலைத் திறந்ததும் “கிரிக் அப்பா” என்பாள். ஆபீஸ் போகும்போது நானும் சொல்லிவிட்டுப் போவேன். அவர் தலையை அசைத்துப் பதில் சொல்வார். அத்தை மட்டும் அதை வாயில் எடுத்ததே இல்லை. என்னவோ வேறு யாருடைய சாமான்போல அதைத் தொடாமல் இருந்தார்.

வேன் வந்த காலை

தங்கவேலு மச்சான் கொள்ளேகாலிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தது அதற்கு அடுத்த மாதம். பின் சீட்டைக் கழற்றி மெத்தை விரித்திருந்தார். வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மகள் வீட்டில் வைத்து ஒன்று ஆகிவிட்டால், தெருவில் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொந்தக்காரர்கள் இப்போதே கேட்கிறார்களாம்.

எங்கள் ஜனங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மகள் வீட்டில் உயிர் போகக் கூடாது என்று, முடியாத பெரியவர்களை ஜட்கா வண்டியிலும் பஸ்ஸிலும் ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாக மகன் வீடு கொண்டுபோய்ச் சேர்த்த கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும். என் பெரியப்பா ஒருவரை அப்படி ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி சாமராஜநகர் தாண்டுவதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். பிறகு பல வருஷம் இருந்தார்.

கோமதி விடவில்லை. டாக்டர் இங்கே இருக்கிறார், நடக்கப் பழக்குகிற ஆள் வாரம் மூன்று நாள் வருகிறார், அங்கே என்ன இருக்கிறது என்றாள். பேச்சு ஏறியது. கடைசியில் இருவரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். அப்பாவையே கேட்டுவிடலாம்.

தங்கவேலு கட்டில் பக்கத்தில் குனிந்தார். “அப்பா, நம்மூட்டுக்குப் போலாமுங்களா?”

“கிரிக்.”

“பாத்தியா கோமதி? போலாங்கறாரு.”

“சும்னே இரு அண்ணா.” கோபம் வந்தால் கோமதிக்குக் கன்னடம் கலந்துவிடும். “வேண்டாங்கறார், கேக்கலையா? அப்பா, இங்கயே இருக்கீங்களா?”

“கிரிக்.”

“இதுக்கென்ன சொல்ற?”

இரண்டும் ஒரே மாதிரிதான் என் காதில் விழுந்தது. நான் இன்னொரு முறை, வரிசையை மாற்றி, அவர் எந்தக் கேள்விக்கு எப்படிச் சொல்கிறார் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கேட்டார்கள். அதுவும் அப்படியே இருந்தது. தங்கவேலு என்னிடம் திரும்பினார்.

“மாப்பிள்ளை, நீங்க புஸ்தகமெல்லாம் படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. என்னதான் சொல்றாரு?”

என்னிடம் விலாங்கு இருந்தது, கோழி இருந்தது, வெட்டுக்கிளி இருந்தது.

அப்போது மாமா எங்கள் மூன்று பேரையும் விட்டுவிட்டுத் தலையைத் திருப்பினார். கழுத்தைத் திருப்ப அவர் பட்ட சிரமம் தெரிந்தது. சமையலறை நிலைப்படியில் அத்தை அவருடைய துண்டை மடித்தபடி நின்றிருந்தார்.

“கிரிக்?”

கடைசி அசை மேலே ஏறியது. அத்தனை வாரத்தில் அப்படி ஏறி நான் கேட்டதில்லை. அல்லது ஏறியிருந்தும் நான் கவனிக்கவில்லை. அவர் எதையோ வேண்டுகிறார், எதற்கோ பதில் சொல்கிறார் என்றே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கும் ஒரு கேள்வி இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தை துண்டை இன்னொரு மடிப்பு மடித்தார்.

“என்னையவா கேக்கறீங்க?” என்றார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் அவரிடம் மட்டும் பேசினார். “அங்கன்னா எனக்குப் பேச ஆளிருக்குதுங்க. இங்க பொழுதுக்கும் வாய மூடிட்டே கெடக்கறேன். கோமதிய உட்டுட்டுப் போறதுதான் ஒரு மாதிரியா இருக்குது.”

“கிரிக்” என்றார் மாமா, தணிவாக.

“செரி. அப்ப போலாமுங்க.”

கோமதி உள்ளே போய் மருந்துகளை ஒரு பையில் எடுத்து வைத்தாள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அண்ணனிடம் இரண்டு முறை சொன்னாள். வேன் கிளம்பும்போது மாமா இடது கையைத் தூக்கி எனக்கு ஒரு “கிரிக்” சொன்னார். நானும் சொன்னேன்.

அவர் அன்று கேட்டது கேள்விதானா? கோமதி ஒப்புக்கொள்வதில்லை. துண்டைத்தான் கேட்டார், வாய் ஓரம் ஈரமாக இருந்தது, துடைக்கச் சொன்னார் என்கிறாள். இந்த அத்தியாயத்தை எழுதி அவளிடம் படிக்கக் கொடுத்தபோதும் அதையே சொன்னாள். இருக்கலாம்.

ஒயர் கூடை

கொள்ளேகாலில் மாமா சில வருஷங்கள் இருந்தார். கைத்தடி ஊன்றித் தெருமுனை வரை நடந்தார். ஒருமுறை நான் போயிருந்தபோது டீக்கடைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். “கிரிக்” என்றார். சர்க்கரை குறைச்சலாக, ஆற்றாமல், ஒரு டீ வந்தது. உங்களுக்கு எப்படிப் புரிகிறது என்று கடைக்காரரை ஆச்சரியத்தோடு கேட்டேன். அதில் புரிய என்ன இருக்கிறது, தினமும் அதைத்தானே குடிக்கிறார் என்றார் அவர்.

ஒரு மார்கழியில் தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் வீட்டில்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அத்தை எங்களைப் பார்க்க மைசூர் வந்தார். ஒரு ஒயர் கூடை, அதில் இரண்டு சேலை, கொஞ்சம் முறுக்கு. அவ்வளவுதான். நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாகப் பேச்சு. இனிமேல் அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றாள் கோமதி. எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணனோடு இரண்டு நாள் வாதாடினாள். பேரன் பேத்தி தேடுகிறார்கள், அனுப்பி வை என்றார் அவர். ஐந்தாம் நாள் காலையில் கொள்ளேகால் பஸ்ஸுக்குப் போக நான் ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தினேன். அத்தை கூடையோடு வாசலுக்கு வந்தார். உள்ளே கோமதி பாத்திரங்களை ஓசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். “அத்தை, உங்களுக்கு எங்க இருக்கணும்? இங்கயா, அங்கயா?”

அவர் தெருவைப் பார்த்தார். கீரைக்காரி இரண்டு வீடு தள்ளி வந்துகொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. வாய் என்னவோ சிரித்தது.

“கிரிக்” என்றார்.

அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் சொன்ன கையோடு கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

கீரைக்காரி வந்து நின்றாள். அத்தை “பேடா” என்றார். பிறகு குனிந்து இரண்டு கட்டு எடுத்துக்கொண்டார்.

நான் ஸ்கூட்டரை உள்ளே தள்ளி நிறுத்தினேன்.